ஒரு பெயரில் பல அரசுகள்

சென்ற ரமலானில் ஓரிரவு, தராவீஹ் தொழுகை முடிந்து ஹவுளுக்கு அருகில் சிலர் அமர்ந்து உரையாடிக்கொண்டிருந்தோம். கல்லூரியில் அரசியல் பாடம் பயிலும் நம் மஹல்லா இளைஞர் ஒருவர் நம்மிடம் ஒரு வினா எழுப்பினார். முடியாட்சி, குடியாட்சி, பிரபுக்களாட்சி, இராணுவ ஆட்சி எனத் தம் பாடநூல் அரசுகளைப் பலவாகப் பிரித்துக் காட்டுகிறதாம். கிலாஃபத் இவற்றுள் எதில் அடங்கும் என்று ஆசிரியர் கேட்டபோது தம்மால் விடை கூற இயலவில்லை என்றார். "கிலாஃபத் கிலாஃபத்துதான் தம்பி, அது எதிலும் அடங்காது" என்று உடனிருந்த பெரியவர் ஒருவர் பேச்சை முடித்து வைத்தார். நாமும் தலையசைத்துவிட்டோம். வீடு சென்று படுத்த பின்னர் அவ்விடை நமக்கு நிறைவளிக்கவில்லை. ஆண்டறிக்கை மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென நிர்வாகக் குழுவினர் கேட்டபோது, அந்த இளைஞருக்குத் தரவேண்டிய விடையையே எழுதிவிடுவதெனத் துணிந்தோம்.

அரசு என்பது முதலில் யாது? இதற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கி.பி. 1332இல் தூனிஸ் நகரில் பிறந்த இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள், இன்றைய அல்ஜீரியாவிலுள்ள ஒரு கோட்டையில் ஒதுங்கி வாழ்ந்து 1377இல் எழுதி முடித்த 'முகத்திமா' என்னும் நூலில் இதனை எளிய உவமையால் விளக்கியுள்ளார்கள். ஒரு மனிதனின் ஒருநாள் உணவுக்குச் சிறிது கோதுமை போதும். ஆயினும் அதை மாவாக்க வேண்டும், பிசைய வேண்டும், சுட வேண்டும். அவ்வேலைகளுக்கான கருவிகளையும் பாத்திரங்களையும் செய்யக் கொல்லனும் தச்சனும் குயவனும் வேண்டும். தனியொருவனால் இவை யாவும் ஆகா. எனவே மனிதர் கூடி வாழ்ந்தே தீர வேண்டும். கூடி வாழும் இடத்திலோ ஒருவர் மற்றவர் உடைமையில் கைவைப்பதும் இயல்பு. அக்கையைப் பிடித்து நிறுத்தும் ஆற்றலுடைய ஒருவரை அவர்கள் 'வாஸிஉ', அதாவது தடுப்பவர், என்றழைக்கிறார்கள். அரசின் வேர் அதுவே. படையும் வரியும் கொடியும் கொத்தளமும் பின்னர் வந்து சேர்ந்தவை.

தடுப்பவர் எதனைக் கொண்டு தடுக்கிறார் என்பதை வைத்து அரசுகளை அவர்கள் மூவகையாக்குகிறார்கள். தம் மனவிருப்பத்தின்படி மக்களை நடத்துவது ஒன்று. அறிவுடையோர் வகுத்த சட்டத்தின்படி மக்களின் உலக நலனை நாடி நடத்துவது மற்றொன்று. மார்க்கச் சட்டத்தின்படி இம்மை, மறுமை இரண்டின் நலனையும் நாடி நடத்துவது மூன்றாவது, இதுவே கிலாஃபத். இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் நம் பெரியவர் கூறியதே சரியென்று நாமும் நிறுத்தியிருப்போம். ஆனால் இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் அடுத்துச் செல்கிறார்கள். கிலாஃபத்தாகத் தொடங்கிய ஆட்சியில் முதலில் கிலாஃபத்தின் தன்மையும் முடியாட்சியின் தன்மையும் கலந்தன. பின்னர் முடியாட்சி மட்டும் எஞ்சி, பெயர் மாறாமல் நின்றது என்று எழுதுகிறார்கள். இது ஏட்டறிவு மட்டுமன்று. ஃபாஸ், கர்னாத்தா (இன்றைய ஸ்பெயினிலுள்ள கிரனாடா), பிஜாயா ஆகிய நகரங்களின் அரசவைகளில் பணிபுரிந்தவர்கள் அவர்கள். ஃபாஸில் ஏறத்தாழ இரண்டாண்டு சிறையிலும் இருந்தவர்கள். அரசை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் கம்பிக்குப் பின்னிருந்தும் கண்டவர் எழுத்து அது.

பெயரை ஒதுக்கிவைத்து, நாம் வேறு சில வினாக்களைக் கையில் எடுத்துக்கொள்வோம். ஆள்பவர் எவ்வழியில் பதவிக்கு வந்தார்? கருவூலம் யாருடையது? அவரைக் கேள்வி கேட்க யாருக்கு இடமுண்டு? அவர் பதவியிலிருந்து இறங்க வழியென்ன?

ஹிஜ்ரி 11ஆம் ஆண்டு, கி.பி. 632இல் நபி (ஸல்) அவர்கள் மறைந்த அன்றே இவ்வினாக்களில் முதலாவது எழுந்தது. ஆட்சியாளரைத் தெரிவு செய்வதற்கு இன்னதுதான் நடைமுறை என அவர்கள் வகுத்துச் செல்லவில்லை. மதீனாவில் பனூ ஸாயிதா குலத்தாரின் ஸகீஃபா எனும் பந்தலில் அன்ஸார்கள் கூடினர். அபூபக்ர் (ரலி), உமர் (ரலி), அபூஉபைதா (ரலி) ஆகிய மூவரும் விரைந்து சென்றனர். எங்களில் ஒருவர், உங்களில் ஒருவர் என இரு தலைவர்களை வைத்துக்கொள்ளலாம் என்னும் யோசனைகூட அங்கே முன்வைக்கப்பட்டது. இறுதியில் உமர் (ரலி) அவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களின் கரம் பற்றி பைஅத் செய்ய, ஏனையோர் தொடர்ந்தனர். மறுநாள் பள்ளிவாசலில் பொதுமக்கள் பைஅத் செய்தனர். அது திடீரென நிகழ்ந்த ஒன்று, அதனை முன்மாதிரியாக எவரும் கொள்ளலாகாது எனப் பின்னாளில் உமர் (ரலி) அவர்களே மிம்பரில் நின்று எச்சரித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அலீ (ரலி) அவர்கள் சில மாதங்கள் கழித்தே பைஅத் செய்தார்கள் என்பதும் அதே நூலில் காணப்படுகிறது. ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள் பைஅத் செய்யாமலேயே ஷாம் நாட்டிற்குச் சென்று அங்கே காலமானார்கள் என்று வரலாற்றாசிரியர் பலர் எழுதியுள்ளனர். இணங்காதவர்மீது வாள் பாயவில்லை என்பதை ஈண்டு நினைவில் கொள்வது நல்லது.

அபூபக்ர் (ரலி) அவர்கள் துணி வணிகர். பதவியேற்ற பின்னும் துணி மூட்டையுடன் சந்தைக்குப் புறப்பட்டார்கள் என்றும், மக்கள் பணியும் வணிகமும் ஒன்றாக நடவா என்று கூறி நபித்தோழர்கள் பைத்துல்மாலிலிருந்து அவர்களுக்கு ஓர் உதவித்தொகையை நிர்ணயித்தனர் என்றும் இப்னு ஸஅத் (ரஹ்) தம் நூலில் பதிவு செய்துள்ளார்கள். இறக்கும் தறுவாயில் அத்தொகையைத் தம் சொத்திலிருந்து திருப்பிச் செலுத்தும்படி அவர்கள் கூறிச் சென்றார்கள். ஆட்சியாளருக்குக் கூலி உண்டு, கருவூலம் அவருடையதன்று என்பது இதனால் விளங்கும். அக்காலத்தில் கிஸ்ராவின் கருவூலத்துக்கும் கைஸரின் கருவூலத்துக்கும் அவர்தம் சொந்தப் பெட்டிக்கும் இடையே சுவர் இருந்ததாகக் கருதுவது கடினம்.

அடுத்து உமர் (ரலி) அவர்கள் 634இல் முன்னவரின் நியமனத்தால் வந்தார்கள். அவர்கள் காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். இராக்கின் 'ஸவாது' எனப்படும் வளமிக்க ஆற்றுச் சமவெளி வெற்றி கொள்ளப்பட்டபோது, போரில் ஈடுபட்டவர்கள் அந்நிலத்தைத் தங்களுக்குப் பங்கிட்டுத் தருமாறு கேட்டனர். பிலால் (ரலி) அவர்களும் அவ்வாறே வலியுறுத்தினார்கள். உமர் (ரலி) அவர்களின் கருத்து வேறாக இருந்தது. நிலத்தைப் பங்கிட்டுவிட்டால் இனி வரும் தலைமுறையினர்க்கும், எல்லைகளைக் காப்பதற்கும், விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் எதைக் கொண்டு செலவிடுவது என்று வினவினார்கள். கலீஃபாவின் கட்டளை என்று அதனை முடித்துவிடவில்லை. வாதம் பல நாள் நீடித்தது. முஹாஜிர்களைக் கலந்தார்கள், அவர்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு இருந்தது. பின்னர் அவ்ஸ் குலத்தில் ஐவர், கஸ்ரஜ் குலத்தில் ஐவர் என அன்ஸார்களில் பதின்மரை அழைத்து, தாமும் அவர்களுள் ஒருவரே என்று கூறி வழக்கை முன்வைத்தார்கள். நிலம் உழுதவரிடமே இருக்கட்டும், அதன்மீது கராஜ் வரி பெறலாம் என முடிவாயிற்று. உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்கள் நிலத்தை அளக்க அனுப்பப்பட்டார்கள். இச்செய்திகளை எல்லாம் ஹாரூன் ரஷீதுக்காகத் தாம் எழுதிய 'கிதாபுல் கராஜ்' என்னும் நூலில் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் தந்துள்ளார்கள். கலீஃபாவின் பெயர் தாங்கிய ஒரு மாமன்னருக்கு வரிவிதிப்பு பற்றி எழுதும்போது, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய இந்த வாதத்தை எடுத்து அவர்முன் வைத்திருக்கிறார்கள் என்பதும் சிந்தனைக்குரியது.

644இல் கத்திக்குத்துக்கு ஆளாகி மரணப் படுக்கையில் கிடந்த உமர் (ரலி) அவர்கள் உஸ்மான், அலீ, தல்ஹா, ஸுபைர், ஸஅத் இப்னு அபீவக்காஸ், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலியல்லாஹு அன்ஹும்) ஆகிய அறுவரைக் கொண்ட ஆலோசனைக் குழுவை நியமித்து, மூன்று நாள்களுக்குள் தம்முள் ஒருவரைத் தெரிவு செய்யுமாறு பணித்தார்கள். தம் மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஆலோசனையில் அமரலாம். பதவிக்கு வரலாகாது என்றார்கள். அந்த மூன்று நாள்களிலும் தொழுகை நடத்தும் பொறுப்பு அறுவரில் எவருக்கும் தரப்படவில்லை. ஸுஹைப் ரூமி (ரலி) அவர்களுக்கே தரப்பட்டது. முன்னின்று தொழவைப்பவரை மக்கள் தலைவராகவே எண்ணிவிடக்கூடும் அல்லவா? அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் போட்டியிலிருந்து தாமே விலகி, நடுவராக அமர்ந்தார்கள். மதீனாவில் வீடு வீடாகச் சென்று மக்களின் கருத்தைக் கேட்டார்கள். மகளிரிடமும் கேட்டார்கள் என்று இப்னு கஸீர் (ரஹ்) எழுதுகிறார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் தெரிவு செய்யப்பட்டார்கள்.

இவ்வளவும் உயர்ந்த நடைமுறையே. ஆயினும் இரண்டு குறைகளைச் சொல்லாமல் விடுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. மதீனாவில் மட்டுமே கருத்துக் கேட்கப்பட்டது. அதற்குள் கூஃபா, பஸரா, திமிஷ்க், மிஸ்ரின் ஃபுஸ்தாத் ஆகியவை பெருநகரங்களாகியிருந்தன. அந்நகரத்தார்க்கு இத்தெரிவில் இடமில்லை. மற்றொன்று, ஆள்பவர்மீது குறையெழுந்தால் அதனை விசாரித்துத் தீர்ப்பளித்து அவரை இறக்கவோ நிலைநிறுத்தவோ ஓர் அமைப்பு இருக்கவில்லை. அந்நாளில் வேறெங்கும் நிலைமை இதைவிட மேலாக இருந்ததெனக் கூற முடியாது. ரோமப் பேரரசர் ஃபோகாஸைக் கொன்றே 610இல் ஹிரக்ல் அரியணை ஏறினார். பாரசீகத்தில் இரண்டாம் குஸ்ரூவை 628இல் அவர் மகனே வீழ்த்திக் கொல்வித்தான். ஆனால் பிறரிடம் இல்லை என்பதால் நமக்கு நேர்ந்த இழப்பு குறைந்துவிடவில்லை. 656இல் உஸ்மான் (ரலி) அவர்கள் தம் வீட்டில் முற்றுகையிடப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜமல், ஸிஃப்பீன் என இரு போர்களில் முஸ்லிம்களின் வாள் முஸ்லிம்கள்மீதே பாய்ந்தது. 661இல் அலீ (ரலி) அவர்களும் கொல்லப்பட்டார்கள். நால்வரில் மூவர் படுகொலைக்கு ஆளாயினர் என்னும் உண்மையை நாம் மீலாது மேடைகளில் விரைந்து கடந்துவிடுகிறோம்.

முஆவியா (ரலி) அவர்கள் நபித்தோழர். அவர்தம் உள்ளத்தை எடைபோடும் தகுதி நமக்கில்லை. ஆட்சி முறையில் நிகழ்ந்த மாற்றத்தை மட்டும் கூறுவோம். அவர்கள் தம் வாழ்நாளிலேயே மகன் யஸீதுக்கு பைஅத் பெற்றார்கள். அபூபக்ர் (ரலி) அவர்களின் மகனார் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் இது ரோமப் பேரரசரின் வழி என்று முகத்துக்கு நேராகவே எதிர்த்தார்கள். ஹுஸைன் (ரலி), அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) ஆகியோரும் இணங்கவில்லை. 680இல் கர்பலா நிகழ்ந்தது. இணங்காத ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள் ஷாமுக்குப் போக முடிந்த காலத்துக்கும் இதற்கும் இடையே ஐம்பது ஆண்டுகூட ஆகவில்லை. பைஅத் என்னும் சொல் மாறவில்லை. முன்னர் அது தெரிவு, இப்போது அது கீழ்ப்படிவு.

உமையாக்கள் 750 வரை திமிஷ்கிலிருந்து ஆண்டனர். தனி நாணயம் அச்சிட்டதும் அலுவலகக் கணக்குகளை அரபு மொழிக்கு மாற்றியதும் அப்துல் மலிக்கின் அரிய பணிகள். 717 முதல் 720 வரை ஆண்ட உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், முத்திரையிட்ட உயில் ஒன்றின் வழியே பதவி தம்மிடம் வந்தபோது, மக்கள் தம்மை ஏற்கக் கடமைப்பட்டவர் அல்லர், வேண்டியவரைத் தெரிவு செய்துகொள்ளலாம் என்று மிம்பரில் அறிவித்தார்கள். மக்கள் அவர்களையே ஏற்றனர். மன்னர் பரம்பரையின் நடுவே ஒரு நல்லவர் வரக்கூடும் என்பதற்கு அவர்கள் சான்று. ஆனால் அவர் போனபின் அம்முறை அவரோடு போய்விடும் என்பதற்கும் அவர்களே சான்று.

அப்பாஸியர் வரலாற்றின் பெரும்பகுதியைக் கடந்து நேரே 945ஆம் ஆண்டுக்கு வருவோம். தைலம் மலைநாட்டைச் சேர்ந்த புவைஹ் குடும்பத்தின் படைத்தலைவர் அஹ்மத் அவ்வாண்டு பக்தாதில் நுழைந்தார். கலீஃபா முஸ்தக்ஃபி அவருக்கு 'முஇஸ்ஸுத் தவ்லா' என்னும் பட்டம் வழங்கினார். பட்டம் பெற்றவர் சில வாரங்களுக்குள் கலீஃபாவை இருக்கையிலிருந்து இழுத்து வீழ்த்திப் பதவி நீக்கினார். அவருடைய கண்கள் குருடாக்கப்பட்டன. வேறொருவர் கலீஃபாவாக அமர்த்தப்பட்டார். அவருக்கு ஒரு படித்தொகை. வஸீர் இல்லை, ஓர் எழுத்தர் மட்டும். குத்பாவில் பெயர் ஓதப்படும், நாணயத்தில் பெயர் பொறிக்கப்படும். வரியும் படையும் புவைஹிகள் வசம். ஆள்பவர் ஒருவர், பெயர் மற்றொருவருடையது. இதனைப் பாடநூல் என்னவென்று வகைப்படுத்தும்?

இந்த இக்கட்டான காலத்தில்தான் மாவர்தீ (ரஹ்) அவர்கள் 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வை எழுதினார்கள். நாம் ஓதிய மதரஸாவில் அந்நூல் பூட்டிய அலமாரியில் இருந்தது. சாவி வைத்திருந்த உஸ்தாது அவர்களிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கிப் படித்தோம். ஆட்சித் தலைவருக்குரிய நிபந்தனைகள், தெரிவு செய்வோர்க்குரிய நிபந்தனைகள், முழு அதிகாரம் பெற்ற வஸீர், ஆணையை நிறைவேற்ற மட்டும் உரிமை பெற்ற வஸீர் என இருவகை வஸீர்கள், வரி, நீதி, சந்தைக் கண்காணிப்பு யாவும் அதில் உண்டு. அன்று நமக்குப் புரியாமல் போனது ஒரு பகுதி. மாகாணத்தை வாளால் கைப்பற்றிக்கொண்ட ஒருவரைக் கலீஃபா ஆளுநராக அங்கீகரிக்கலாம் என்று அவர்கள் எழுதுகிறார்கள். மார்க்கச் சட்டமும் உரிய வரி முறையும் காக்கப்படுமாயின் என்னும் நிபந்தனைகளோடு. கொள்ளை கொண்டவனுக்குப் பட்டா எழுதிக் கொடுப்பதா என்று அப்போது நாம் சினந்தோம். வயது ஏறிய பிறகு அதனை வேறுவிதமாகப் படிக்கிறோம். அதிகாரம் கைவிட்டுப் போன பின், அதனைச் சட்டத்தின் கயிற்றால் சிறிதேனும் கட்டிவைக்க முயன்ற ஒரு காழியின் எழுத்து அது. முழு உடன்பாடு நமக்கு இன்றும் இல்லை.

அவர்கள் வளைந்து கொடுத்தவர் அல்லர் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. ஹிஜ்ரி 429இல், கி.பி. 1038 அளவில், புவைஹி அரசர் ஜலாலுத் தவ்லா 'மன்னாதி மன்னர்' என்னும் பட்டத்தை விரும்பினார். குத்பாவில் அப்பட்டம் ஓதப்பட்டபோது பொதுமக்கள் கத்தீப்கள்மீது செங்கல் வீசினர். (மிம்பரில் ஏறும் பணியிலிருக்கும் நமக்கு இவ்வரியைப் படிக்கையில் சற்று நடுக்கம் வருவதுண்டு.) ஃபத்வா கேட்டபோது அறிஞர் பலர் கூடும் என்றனர். அரசரின் நெருங்கிய நண்பரான மாவர்தீ (ரஹ்) கூடாது என்றார்கள். அன்று முதல் அரண்மனைக்குச் செல்வதையும் நிறுத்திக்கொண்டார்கள். பின்னர் அழைப்பு வந்தபோது அஞ்சியே சென்றார்கள். உண்மையை விட நட்பைப் பெரிதாகக் கொள்ளாதவர் என்று அரசர் அவர்களைப் பாராட்டி அனுப்பினார். கேள்வி கேட்கச் சபை இல்லாத காலத்தில் அவ்வேலையைத் தனி மனிதர் செய்யவேண்டியிருந்தது. தனி மனிதரின் துணிவையும் அரசரின் அன்றைய மனநிலையையும் நம்பியிருந்த பாதுகாப்பு அது.

1258இல் மங்கோலியரால் பக்தாத் அழிந்தது. 1261 முதல் கெய்ரோவில் மம்லூக்கு சுல்தான்களின் நிழலில் அப்பாஸிய வழியினர் பெயரளவில் கலீஃபாக்களாக இருந்தனர். டில்லியில் முஹம்மது இப்னு துக்ளக், கெய்ரோ கலீஃபாவின் அங்கீகாரம் இருந்தால் தம் ஆட்சி உறுதிப்படும் எனக் கருதித் தம் பெயரை நீக்கி முஸ்தக்ஃபியின் பெயரால் நாணயம் அடித்தார். அந்த முஸ்தக்ஃபி 1340இல் இறந்துவிட்ட செய்தி டில்லியை எட்டாததால், இறந்தவர் பெயரில் நாணயங்கள் சில ஆண்டுகள் வெளிவந்துகொண்டிருந்தன. 1517இல் உஸ்மானிய சுல்தான் ஸலீம் கெய்ரோவைக் கைப்பற்றிக் கடைசி அப்பாஸியரை இஸ்தான்பூலுக்கு அழைத்துச் சென்றார். அவரிடமிருந்து பதவி முறைப்படி கைமாறியதாகக் கூறப்படும் செய்தி அக்காலத்தார் குறிப்புகளில் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் எழுத்தில் தோன்றுகிறது.

உஸ்மானியரின் கடைசி ஐம்பதாண்டு நம் வினாக்களுக்கு மீண்டும் உயிரூட்டிற்று. 1876 டிசம்பரில், மித்ஹத் பாஷாவின் முயற்சியால், அரசியல் சட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. 1877 மார்ச்சில் நாடாளுமன்றம் கூடியது. முஸ்லிம்களும் கிறித்தவர்களும் யூதர்களும் அதில் உறுப்பினர். ஆயினும் அதே சட்டத்தில் சுல்தான் எவருக்கும் பொறுப்பாகார் என்று ஒரு விதியும், அரசுக்கு ஆபத்தானவர் எனக் கருதுவோரை அவர் நாடு கடத்தலாம் என்று 113ஆம் விதியும் இருந்தன. நாடாளுமன்றம் கூடுமுன்னரே அந்த 113ஆம் விதியைக் கொண்டு நாடு கடத்தப்பட்டவர் அச்சட்டத்தின் தந்தையாகிய மித்ஹத் பாஷாவே. பின்னர் அவர் தாயிஃப் சிறையில் உயிர் துறந்தார். 1878 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தை மூடிய இரண்டாம் அப்துல் ஹமீது, முப்பது ஆண்டுகள் அதனைத் திறக்கவில்லை. சட்டம் நீக்கப்படவுமில்லை, அது நூலில் இருந்தது. 1908இல் படையினரின் கிளர்ச்சியால் அது மீண்டும் உயிர்பெற்றது. 1909இல் ஷைகுல் இஸ்லாமின் ஃபத்வாவும் நாடாளுமன்றத்தின் முடிவும் சேர்ந்து சுல்தானைப் பதவி நீக்கின. மதீனாவில் 656இல் இல்லாதிருந்த அந்த 'இறங்கும் வழி' அமைப்பு வடிவில் கண்ணுக்குத் தென்பட்டது இங்கே எனலாம். ஆனால் அதன் பின்னால் நின்றது படை. அந்த நாடாளுமன்றத்தையே சில ஆண்டுகளில் அப்படைத்தலைவர்கள் தம் கைப்பிடிக்குள் கொண்டுவந்துவிட்டனர்.

அந்த இளைஞருக்கு இப்போது சொல்ல நம்மிடம் விடை இருக்கிறது. கிலாஃபத் பாடநூலின் எந்த அறையிலும் அடங்காது என்பது உண்மையன்று தம்பி. வெவ்வேறு காலங்களில் அது எல்லா அறைகளிலும் குடியிருந்திருக்கிறது. ஆசிரியர் மீண்டும் கேட்டால் எந்த ஆண்டைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். அது மட்டுமன்று, குடியாட்சி என்னும் பெயருக்கும் இதே கேள்வி பொருந்தும். நம் ஜமாஅத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முத்தவல்லியைத் தெரிவு செய்ய வாக்குப் பெட்டி வைக்கிறோம். ஆனால் ஆண்டுக் கணக்கு வாசிக்கும் பொதுக்குழுவுக்கு வருவோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். நார்சா வழங்கும் நாளில் நிற்க இடமிருப்பதில்லை. இந்த மலரின் பின்பக்கங்களில் அச்சிட்டுள்ள வரவு செலவுப் பட்டியலை எத்தனை பேர் புரட்டுவர் என்பதை அச்சகத்தார்தாம் ஊகிக்க வேண்டும்.

கதையின் கடைசிப் பகுதி எஞ்சியுள்ளது. 1922 நவம்பர் 1ஆம் நாள் அங்காராவில் கூடிய தேசியப் பேரவை சுல்தான் பதவியை ஒழித்தது. கலீஃபா பதவியை விட்டுவைத்தது. கடைசி சுல்தான் வஹீதுத்தீன் 17ஆம் நாள் ஆங்கிலேயரின் போர்க்கப்பலில் ஏறி வெளியேறினார். உடனே பேரவை, அவருடைய சிற்றப்பா மகன் அப்துல் மஜீதை வாக்கெடுத்துக் கலீஃபாவாகத் தெரிவு செய்தது. மக்கள் பிரதிநிதிகள் அடங்கிய பேரவை ஒன்றில் வாக்கெடுப்பால் தெரிவான கலீஃபா அவர் ஒருவரே. ஆனால் அவருக்குப் படையில்லை, கருவூலமில்லை, ஆணையிட ஒரு கிராமமும் இல்லை. ஸகீஃபாவில் இருந்த வழி திரும்பி வந்தது. ஆட்சி திரும்பி வரவில்லை. அவர் ஓர் ஓவியர், இசையறிந்தவர், பண்பாளர்.

இந்நாட்டில் அவருடைய பதவிக்காக நம் முன்னோர் கிளர்ந்தெழுந்திருந்தனர். 1919இல் தொடங்கிய கிலாஃபத் இயக்கத்தில் அலீ சகோதரர்களும் காந்தியடிகளும் ஒரே மேடையில் நின்றனர். சென்னையின் யாகூப் ஹசன் சேட் 1921 பிப்ரவரியில் கோழிக்கோட்டில் கைதானார். பெண்கள் நகை கழற்றிக் கொடுத்தனர். 1924 மார்ச் 3ஆம் நாள் அங்காராவின் பேரவையே கலீஃபா பதவியை ஒழித்துச் சட்டம் நிறைவேற்றியபோது, அவர்கள் நின்ற நிலையை எண்ணிப் பார்க்கவே நமக்கு வருத்தமாக இருக்கிறது. ஆங்கிலேயரை எதிர்த்துச் சிறை சென்றவர்கள் அவர்கள். பதவியை ஒழித்ததோ முஸ்லிம்களின் பேரவை.

மறுநாள் விடியுமுன் அப்துல் மஜீது குடும்பத்துடன் அரண்மனையிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டு, நகருக்கு வெளியே சத்தால்ஜா நிலையத்தில் ஐரோப்பாவுக்குச் செல்லும் இரயிலில் ஏற்றப்பட்டார். பின்னர் அவருடைய செலவுக்கு ஐதராபாத் நிஜாம் மீர் உஸ்மான் அலீ கான் மாதந்தோறும் தொகை அனுப்பினார். 1931இல் அவருடைய மகள் துர்ருஷெஹ்வார் நிஜாமின் மூத்த மகனுக்கு மணமுடிக்கப்பட்டு ஐதராபாத் வந்தார். அப்துல் மஜீது 1944 ஆகஸ்டில் பாரிஸில் காலமானார். துருக்கியில் அடக்கம் செய்ய அனுமதி கிட்டாமையால் அவருடைய உடல் பாரிஸ் பெரிய பள்ளிவாசலில் பத்தாண்டுகள் வைக்கப்பட்டிருந்தது. 1954இல் அது மதீனாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே அடக்கம் செய்யப்பட்டது.